சம்பந்தியம்மா, கத்திரியைக் கீழ வைங்க

அக்டோபர் 9

சம்பந்தியம்மாவுக்கு வணக்கம்.

நான்தான், உங்க மருமகளைப் பெத்தவன். லெட்டரைப் பாத்து பயந்துடாதீங்க, யாருக்கும் ஒண்ணும் ஆகலை. பள்ளிக்கூடத்துல என்னை விரட்டி விடறதுக்குள்ள கத்துக்கிட்ட எழுத்து இவ்வளவுதான். எங்கயாவது பிழை இருந்தா, பட்டன் அறுந்து தொங்குறதா நெனச்சு நீங்களே தெச்சுக்குங்க.

போன் போட்டுப் போட்டு விரல் தேஞ்சுது. எடுக்கறதே இல்லை. எடுத்தாலும் "சரி, சரி, வெச்சிடறேன்". டெலிபோன் ஆபீசுல உக்காந்து ஊர் உலகத்துக்கெல்லாம் லைன் குடுத்தவங்களுக்கு சம்பந்திகிட்ட பேச மட்டும் லைன் கிடைக்கலை போல. சரி, லெட்டர்னா கட் பண்ண முடியாது பாருங்க.

விஷயம் இதுதான். டெய்லர் கடையைக் காலி பண்ணிக் குடுத்துட்டு ஒரே வாரத்துல திரும்பிடறேன்னு மக கிட்ட சொல்லிட்டுத்தான் கிளம்பினேன். வந்த எடத்துல மாடிப்படி காலை வாரி விட்டுருச்சு. முழங்கால்ல பெரிய கட்டு. வருஷக் கணக்கா மத்தவங்க காலை அளந்தவன், இப்ப என் காலை டாக்டர் அளக்கறார். குளிர்காலம் முடியற வரைக்கும் பிரயாணம் கூடாதுங்கறார். இந்தக் கட்டு காயறதுக்குள்ள என் ரூமுக்குள்ள உங்க பெட்டி ஏறிடுச்சுன்னு கேள்விப்பட்டேன். ரொம்ப சந்தோஷம். பல்லைக் கடிச்சிக்கிட்டு சந்தோஷப்படறேன், தாடை வலிக்குது.

அந்த வீட்டுல கூடுதலா இருக்கறது ஒரே ஒரு ரூம். அதுல ஒரே ஒரு கட்டில். எனக்கு அவ ஒரே மக, உங்களுக்கு அவர் ஒரே மகன். நான் ஒண்ணும் உள்ளர்த்தம் வெச்சு சொல்லலை. சும்மா சொன்னேன்.

நான் எழுதறது கொடியைப் பத்தி. ஜன்னலுக்கு வெளிய ஒண்ணு ஏறிக்கிட்டிருக்குமே, நட்சத்திரமல்லி, அது நான் வெச்சது. மல்லின்னு பேருதான். கிள்ளினா பால் வடியும், கையில பட்டா பிசின் மாதிரி ஒட்டும். குளிரடிச்சாலும் இலை கொட்டாது, வெயிலடிச்சாலும் வாடாது, வருஷம் பூரா இலையோட நிக்கும். பூ வெள்ளையா, காத்தாடி மாதிரி ஒரே பக்கமா திருகிக்கிட்டு இருக்குமாம். வாசனை தெருமுனை வரைக்கும் போகுமாம். "மாம்"னு ஏன் சொல்றேன்னா, நானே இன்னும் பாக்கலை. மூணாவது வருஷம் பூக்கும்னு நர்சரிக்காரன் சொன்னான். வர்ற வெயில்காலம் மூணாவது வருஷம். அந்தக் கட்டில்ல படுத்துக்கிட்டு அந்த வாசனையை மோந்து பாக்கணும்னுதான் அதை அங்க வெச்சேன். இப்ப அந்தக் கட்டில்ல நீங்க.

பொறாமைன்னு நெனச்சுடாதீங்க. செடியோட நன்மைக்குச் சொல்றேன். காலையில ஒரு பக்கெட், சாயங்காலம் ஒரு பக்கெட் தண்ணி தவறாம ஊத்துங்க. குளிர் முடியற சமயமா பாத்து, கத்திரி எடுத்து நுனியெல்லாம் ஒட்ட நறுக்கிடுங்க. அப்பத்தான் கொத்துக் கொத்தா பூக்கும். செடி விஷயத்துல நான் பொய் சொல்றதில்லை.

அப்புறம், ஜன்னல் கட்டைக்கும் சுவத்துக்கும் நடுவுல, கீழ் மூலையில ஒரு சந்து இருக்கு. சிமெண்டு பூசணும்னு மாப்பிள்ளைகிட்ட சொன்னேன். "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம் மாமா"ன்னார். எந்த ஞாயித்துக்கிழமைன்னு நானும் கேக்கலை, அவரும் சொல்லலை.

என் பச்சை மக்குல இப்ப யாரு டீ குடிக்கறாங்க? சும்மா கேட்டேன்.

இப்படிக்கு,
கட்டுக்கால் சம்பந்தி


அக்டோபர் 20

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. நான் சுருக்கமாகப் பேசியே பழகியவள். சுருக்கமாகவே எழுதுகிறேன்.

போனில் பேச எனக்கு விருப்பமில்லை. வேலையில் இருந்தவரை ஊர்ப்பேச்சை எல்லாம் காதில் வாங்கியாகிவிட்டது. அது போதும்.

ரூமை நான் பிடுங்கிக்கொள்ளவில்லை. என் மகன் கூப்பிட்டான், வந்தேன். கட்டில் காலியாக இருந்தது, படுத்தேன்.

தங்கள் கொடியைப் பற்றித் தெருமுனை நர்சரிக்காரரிடம் விசாரித்தேன். "தினம் ரெண்டு பக்கெட்டா? ஏம்மா, செடி வளக்கறீங்களா, மீன் வளக்கறீங்களா?" என்று கேட்டுச் சிரித்தார். வேர் அழுகிவிடுமாம். மண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்ற வேண்டுமாம். அவர் சிரித்தபோது கடையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

ஆக, செடியைக் கொல்வது எப்படி என்று எனக்குப் பக்கம் பக்கமாக எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். நான் பார்ப்பதானால் அது பூக்கவே வேண்டாம் என்பது தங்கள் எண்ணம். நன்றாகப் புரிகிறது. நானும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இனித் தாங்கள் எதைச் சொன்னாலும் அதற்கு நேர் எதிராகத்தான் செய்வேன். வேறு யோசனையே கிடையாது.

இந்த வீட்டில் தாங்கள் இல்லாமலே இருக்கிறீர்கள். திரைச்சீலையைத் தொட்டால் "அது அப்பா தெச்சது அத்தை". தலையணை உறையைக் கழற்றினால் "அதுவும் அப்பா தெச்சது". எதிர்வீட்டு அம்மா என்னை வாசல் கேட் அருகே பார்த்ததும் முகம் மலர்கிறார். சரி, நம்மோடு பேசத்தான் வருகிறார் என்று நானும் சிரிக்கிறேன். "அந்த இஞ்ச்டேப் பெரியவர் எப்பம்மா வருவார்? அவர் இல்லாம தெருவே தூங்கி வழியுது" என்கிறார். நேற்று சாப்பிடும்போது என் சொந்த மகன், "மாமா இருந்தா இந்நேரம் ஒரு ஜோக் சொல்லியிருப்பார்" என்றான். நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். அது பொறாமை அல்ல. பசி இல்லை.

பச்சை மக் என்னிடம்தான் இருக்கிறது. கைக்கு அடக்கமாக இருக்கிறது.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளையின் தாயார்


நவம்பர் 12

சம்பந்தியம்மா,

மாட்டிக்கிட்டேன். சிரிச்ச சிரிப்புல முழங்கால் கட்டு லூசாயிடுச்சு. அந்த நர்சரிக்காரன் எனக்கு தோஸ்துன்னு நெனச்சிட்டிருந்தேன், எதிர்க்கட்சிக்குப் போயிட்டான்.

நான் என்ன சொன்னாலும் நேர் எதிரா பண்றதா முடிவு பண்ணிட்டீங்க. ரொம்ப நல்லதாப் போச்சு, என் வேலை சுலபம். கேட்டுக்குங்க. கொடிக்குக் கம்பி கட்டவே கட்டாதீங்க. சுவத்துல ஆணி அடிச்சு, குறுக்கயும் நெடுக்கயும் கம்பி இழுத்து விட்டா அது தானா சுத்திக்கிட்டு மேல ஏறிடும், அந்தத் தப்பை மட்டும் செஞ்சுடாதீங்க. அடி மண்ணுல மக்கின எரு போடக் கூடாது. இதமா ரெண்டு வார்த்தை பேசவும் கூடாது. அந்த ஜன்னல் சந்துக்கு மட்டும் உடனே சிமெண்டு பூசிடுங்க. குளிர் காத்து உள்ள வந்தா உங்க உடம்பு என்னத்துக்கு ஆகும், எனக்கு அந்தக் கவலைதான்.

நேத்து மக போன் பண்ணினா. நீங்களும் பக்கத்துல இருந்தீங்களாம். "அத்தை, அப்பா லைன்ல இருக்கார், பேசுங்க"ன்னு அவ சொன்னது எனக்கே கேட்டுச்சு, நீங்க எந்திரிச்சு போயிட்டீங்களாம். இருக்கட்டும். அவ இன்னொண்ணு சொன்னா. "அத்தை தினமும் எனக்குத் தலை வாரி விடறாங்கப்பா. வகிடு நூல் புடிச்ச மாதிரி எடுக்கறாங்க."

அவ அம்மா போனப்புறம் அந்தத் தலையை வாரினவன் நான். துணியில கோடு போட்டா ஒரு நூல் பிசகாது, அவ வகிடு மட்டும் எனக்குக் கோணும். கோணின வகிடோடதான் பள்ளிக்கூடம் போவா. அவ சிநேகிதிங்க சிரிப்பாளுங்களாம், ஆனா அவ ஒரு நாளும் என்கிட்ட வந்து சொல்லலை, பெரியவளானப்புறம்தான் சொன்னா. இப்ப நேரா எடுக்கறீங்க. நல்லது. நேத்து எனக்கு டீ உள்ள எறங்கலை. பால் கெட்டுப் போயிருக்கும்.

இப்படிக்கு,
இஞ்ச்டேப்

அடியில ஒண்ணு: பச்சை மக்கோட உதட்டுல ஒரு சின்ன வெட்டு இருக்கும். பாத்துக் குடிங்க. இதுக்கும் எதிரா பண்ணி உதட்டைக் கிழிச்சுக்காதீங்க.


ஜனவரி 8

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம்.

கம்பி கட்டியாகிவிட்டது. எரு போட்டாகிவிட்டது. தாங்கள் வேண்டாம் என்றீர்கள், அதனால் செய்தேன். கொடி ஜன்னலைத் தாண்டி மேலே போய்விட்டது. கம்பியை எப்படிக் கண்டுபிடிக்கிறதோ தெரியவில்லை, காற்றில் துழாவித் துழாவி வந்து பிடித்துக்கொள்கிறது.

சிமெண்டு பூசச் சொன்னதால் பூசவில்லை. குளிர் காற்று வருகிறதுதான். அதற்காகத் தங்கள் பேச்சைக் கேட்பேனா? பீரோவை இழுத்து அந்த மூலையை மறைத்துவிட்டேன். மகன் உதவிக்கு வந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டான். "மாமா சொன்னப்பவே சிமெண்டு பூசியிருக்கலாம்" என்றான். அப்போதும் மாமா.

இப்போது ஒரு சந்தேகம். கேட்க எனக்குப் பிடிக்கவில்லை, ஆனால் தங்கள் மகள் "அப்பாகிட்ட கேளுங்க அத்தை" என்கிறாள். குளிர் அதிகமானதிலிருந்து இலைகள் சிவந்துவிட்டன. பாதி இலை பச்சை, பாதி செம்பு நிறம். நர்சரிக்காரர் கடையை அடைத்துவிட்டு மகள் பிரசவத்துக்குப் போயிருக்கிறார், வெயில் வந்தால்தான் திரும்புவாராம். கிளம்பும் முன் தாங்கள் செடிக்கு ஏதாவது வைத்துவிட்டுப் போனீர்களா?

ரூமைச் சுத்தம் செய்தபோது ஜன்னல் கட்டையில் சாக்கட்டியால் போட்ட கோடுகளைப் பார்த்தேன். கட்டையின் அடியிலிருந்து மேலே வரை, ஒன்றன் மேல் ஒன்றாக. முதலில் அழுக்கு என்று நினைத்தேன். பக்கத்தில் சின்னச் சின்னதாக எழுதியும் இருந்தது. "மழை." "மக பிறந்தநாள்." "புது இலை." கொடி வளர வளரத் தாங்கள் அளந்து குறித்தவை என்று புரிந்தது.

துடைத்துவிட்டேன். ஈரத்துணியால். ரூமில் படுத்திருப்பவள் நான். காலையில் கண் விழித்ததும் தங்கள் கையெழுத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை.

மேஜை இழுப்பறையில் ஒரு சாக்கட்டித் துண்டு கிடக்கிறது. அதை வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் மாப்பிள்ளையின் தாயார்


பிப்ரவரி 2

சம்பந்தியம்மா,

துடைச்சிட்டீங்க. சரி.

ஒரு ஜோக் எழுதலாம்னு பேனாவை எடுத்தேன், வரலை. டீ குடிச்சிட்டு வந்து எழுதலாம்னு போனேன், அப்பவும் வரலை. சாக்கட்டி துடைக்கறதுக்குன்னே இருக்கறதுதான். துணியில போட்ட கோட்டை நானே துவைச்சுத்தான் குடுப்பேன். ஆனா அந்தக் கட்டையில போட்டது யாருக்கும் தெச்சுக் குடுக்கறதுக்கு இல்லை.

இலை சிவந்ததுக்கு பயப்படாதீங்க. குளிருக்கு அது அப்படித்தான் ஆகும், வெயில் வந்தா திரும்பப் பச்சையாயிடும். போன வருஷமும் ஆச்சு. நானும் உங்களை மாதிரிதான் அலறிக்கிட்டு நர்சரிக்கு ஓடினேன். நீங்க ஓடினப்ப சிரிச்சவன் என்னைப் பாத்து இன்னும் பெருசா சிரிச்சான்.

இப்ப ஒண்ணு சொல்றேன், விளையாட்டில்லை. இந்தச் செடி போன வருஷம் வளந்த கொடியிலதான் பூக்கும். குளிர் முடியறப்ப அந்தக் கொடியில மொட்டு குருணை மாதிரி கிளம்பும். அப்ப வெட்டினா அந்த வருஷத்துப் பூ மொத்தமும் போச்சு. முதல் லெட்டர்ல நறுக்கச் சொன்னது வயித்தெரிச்சல்ல சொன்னது. கத்திரி பக்கத்துலயே போகாதீங்க. பூத்து முடிஞ்சப்புறம் நானே வந்து வெட்டறேன். சம்பந்தியம்மா, இந்த ஒரு தடவை நெஜம். கத்திரியைக் கீழ வைங்க.

டாக்டர் கட்டைப் பிரிச்சிட்டார். மே மாசம் வரேன். அது பூக்கறப்ப அந்த ரூம்ல நான் இருக்கணும். அதுக்குத்தான் வெச்சேன், அதுக்குத்தான் அளந்தேன். தயவு பண்ணி ரூமைக் காலி பண்ணி வைங்க. உங்களுக்கு உங்க ஊர்ல தரை வீடு இருக்கு, அக்கம்பக்கம் இருக்கு. எனக்கு இங்க கடையும் போச்சு. கீழ யாரோ செருப்புக் கடை போட்டுட்டாங்க. மேல நானும் தையல் மிஷினும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கோம்.

இப்படிக்கு,
சம்பந்தி


மார்ச் 14

சம்பந்திக்கு,

வெட்டிவிட்டேன்.

ஜன்னல் மட்டத்துக்கு மேலே கண்ணில் பட்டதை எல்லாம் வெட்டினேன். முக்காலி போட்டு ஏறி நின்று, ஒட்ட. நீங்கள் எழுதினீர்களே, பால், பிசின், எல்லாம் சரிதான். கை முழுக்கப் பால். துணியிலும் ஒட்டிக்கொண்டது, இன்னும் போகவில்லை.

நீங்கள் வெட்டாதே என்று கெஞ்சியதால், வெட்டினால்தான் பூக்கும் என்று முடிவு செய்தேன். நம்முடைய கணக்கு அதுதானே. நான் அப்படித்தான் எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் உங்களிடம் சொல்கிறேன், அது மட்டும் இல்லை. "ரூமைக் காலி பண்ணி வைங்க" என்ற வரியை நான் திரும்பத் திரும்பப் படித்தேன். பொய் சொல்கிறீர்கள் என்று நம்பி வெட்டினேனா, நீங்கள் வந்து பார்க்கக் கூடாது என்று வெட்டினேனா, எனக்கே தெரியவில்லை.

பாதி வெட்டிக்கொண்டிருக்கும்போது உங்கள் மகள் வேலையிலிருந்து திரும்பியிருக்கிறாள். கேட்டிலிருந்தே "அத்தை, வேணாம், வேணாம்!" என்று கத்தியிருக்கிறாள். பையைக் கீழே போட்டுவிட்டுக் கத்திக்கொண்டே ஓடி வந்திருக்கிறாள். எதிர்வீட்டு அம்மாவும் சேர்ந்து கத்தியிருக்கிறார். நான் வெட்டிக்கொண்டே இருந்தேன். அவள் வந்து என் முக்காலியைப் பிடித்தபோதுதான் திரும்பிப் பார்த்தேன். அதற்குள் முடிந்துவிட்டது.

எனக்குக் காது கேட்கவில்லை சம்பந்தி. இடது காது சுத்தமாகப் போய்விட்டது. வலதில் ஏதோ கொஞ்சம், எதிரில் நின்று பேசினால் வாயைப் பார்த்துச் சமாளித்துக்கொள்வேன். போனில் வாய் தெரியாது. அதனால்தான் "சரி, சரி". எனக்குத் தரை வீடு இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த வீட்டில் அடுப்பில் குக்கர் விசில் அடித்து அடித்து, தீய்ந்து, புகை ஜன்னல் வழியாகப் போய், பக்கத்து வீட்டார் கதவை உடைத்துக்கொண்டு வந்தார்கள். நான் முதுகைக் காட்டிக்கொண்டு துணி மடித்துக்கொண்டிருந்தேன். மகனிடம் இதைச் சொல்லவில்லை. ஓய்வுக்கு வருகிறேன் என்று சொல்லி வந்தேன். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் குரலைக் கேட்டுச் சம்பளம் வாங்கியவள், கேட்கவில்லை என்று எந்த வாயால் சொல்வேன்?

இப்போது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. இனித் தனியாக விட முடியாது, அம்மா இங்கேதான் இருக்க வேண்டும் என்று மகன் சொல்லிவிட்டான். ரூம் எனக்கே ஆகிவிட்டது. நான் ஜெயித்துவிட்டேன்.

உங்கள் மகள் வெட்டிய கொடிகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாள். குருணை குருணையாக மொட்டு. ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டினாலும் எனக்குக் கேட்டிருக்காது, ஆனால் வாயைப் பார்த்தேன், அது அசையவே இல்லை.

வருஷத்துக்கு ஒரு தடவை உண்மை பேசுகிறவர், பேசும் முன் ஒரு மணியாவது அடிக்க வேண்டாமா?


மார்ச் 25

சம்பந்தியம்மா,

லெட்டர் வந்த அன்னிக்குப் பதில் எழுதியிருந்தா பேனா முனை ஒடிஞ்சிருக்கும். அதான் கொஞ்ச நாள் விட்டுட்டேன்.

காது விஷயம் முன்னாடியே தெரிஞ்சிருந்தா, போன்ல உங்களை இன்னும் நல்லாத் திட்டியிருப்பேன். அருமையான சந்தர்ப்பம் கைநழுவிப் போச்சு. எந்தக் காது மிச்சம்னு எழுதினீங்க, வலதுதானே? குறிச்சு வெச்சுக்கறேன். கிண்டல் பண்றப்ப இடது பக்கமும், நல்லது சொல்றப்ப வலது பக்கமும் நிக்கணும். இடது பக்கம்தான் அதிகம் நிப்பேன்.

மணி அடிக்கச் சொல்றீங்க. அடிச்சா மட்டும் கேட்டுடுமாக்கும்?

இதைப் படிச்சு சிரிப்பு வந்ததா இல்லையா தெரியலை. எனக்கு எழுதறப்ப வரலை. குக்கர் புகைஞ்சதை நெனச்சுக்கிட்டே இருந்தேன். நானும் இங்க தனியாத்தான் அடுப்பு பத்த வைக்கறேன்.

ரூம் உங்களுக்குத்தான். மக கிட்டயும் சொல்லிட்டேன். மே மாசம் நான் வரலை. அங்க வந்து மொட்டையடிச்ச கம்பியைப் பாத்துக்கிட்டு உக்கார என்னால முடியாது. கோவம் இல்லைன்னு சொன்னா அது பொய், நான் எழுதறதைத் தலைகீழா படிக்கற பழக்கத்துல அதையும் நீங்க கண்டுபிடிச்சிடுவீங்க. உங்களுக்குக் காது போச்சு, ரூம் வந்துச்சு. எனக்கு முழங்கால் போச்சு, ரூமும் போச்சு. உங்க காது மேலகூட பொறாமைப்படற நெலமைக்கு வந்துட்டேன், பாருங்க.

செடி சாகாது. அடி உசுரோட இருக்கும். பூ மட்டும் இந்த வருஷம் கிடையாது.

மக கிட்ட சொல்லுங்க, கொடியை மடியில வெச்சா பால் ஒட்டும்னு. சின்னப் புள்ளையில இருந்து சொன்ன பேச்சு கேக்கறதில்லை.

சம்பந்தி


மே 6

அண்ணே,

மதிப்பிற்குரியவர் எல்லாம் போதும். வணக்கம்.

நேத்து சாயங்காலம் கட்டில்ல உக்காந்து துணி மடிச்சிட்டிருந்தேன். திடீர்னு ஒரு வாசனை. மருமக சென்ட்டுன்னு நெனச்சேன், அவ வேலையிலிருந்து வரவே இல்லை. ஜன்னலைத் திறந்து எட்டிப் பாத்தேன். வெளிய துளிர் விட்டிருக்கு, பூ எதுவும் இல்லை. ஜன்னலைச் சாத்தினேன், வாசனை ஜாஸ்தியாச்சு. அடச்சே, காது போனது பத்தாதுன்னு மூக்கும் போச்சான்னு பயந்துட்டேன்.

மோந்துக்கிட்டே போனேன் அண்ணே, பூனை மாதிரி. பீரோ மேல பாத்தேன்.

நீங்க ஊருக்குப் போறப்ப பீரோ மேல குடையும் பழைய பெட்டியும் வெச்சிட்டுப் போனீங்களே, அது மேல ஒரு கொடி படுத்திருக்கு. பூ. வெள்ளையா, நீங்க சொன்ன மாதிரியே காத்தாடி, எல்லாம் ஒரே பக்கம் திருகிக்கிட்டு.

மகனைக் கூப்பிட்டு பீரோவை நகத்தச் சொன்னேன். சிமெண்டு பூசாத அந்தச் சந்து வழியா ஒத்தைக் கொடி உள்ள நுழைஞ்சிருக்கு. பீரோ முதுகைப் பிடிச்சுக்கிட்டே ஏறி, வெளிச்சத்தைத் தேடி மேல வந்திருக்கு. கீழ் மூலையில இருந்ததால என் கத்திரிக்கு மாட்டலை. நீங்க பூசச் சொன்னீங்க, அதனால நான் பூசலை. நான் குளிர்ல நடுங்கணும்னு நெனச்சீங்க இல்லையா, அந்த வழியாத்தான் வந்திருக்கு.

மகன் மறுபடியும் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டான். மருமக வந்தா, பீரோ மேல பாத்தா, "அப்பா பெட்டி மேலயே போய் பூத்திருக்கு பாருங்க அத்தை"ன்னா. எனக்குச் சுருக்குன்னுச்சு. என் ரூம்ல பூத்தது, என் கட்டிலுக்குப் பக்கத்துல பூத்தது, போயும் போயும் உங்க பெட்டியைத் தேடிப் போயிருக்கு. நான் தண்ணி ஊத்தினேன், நான் எரு போட்டேன். ஒரு பூ என் தலையணைப் பக்கம் வந்தா என்னவாம்?

ஆனா அவ சிரிச்சா. மார்ச்சுக்கப்புறம் என்னைப் பாத்து அவ சிரிச்சது நேத்துதான்.

அந்தச் சாக்கட்டித் துண்டை எடுத்து பீரோ கதவுல கொடி உயரத்துக்கு ஒரு கோடு போட்டேன். பக்கத்துல "பூ"ன்னு எழுதினேன். என் கையெழுத்துதான், உங்களோடது மாதிரி கோணல் இல்லை.

வாங்க. ஹால்ல புதுசா ஒரு கட்டில் வாங்கிப் போட்டாச்சு. அது யாருக்குன்னு நான் சொல்லமாட்டேன். நீங்க வந்தப்புறம் நேருக்கு நேர் நின்னு சண்டை போட்டுக்கலாம். வலது பக்கம் நின்னு.

பூ நாளாக நாளாக வாடிடும். யோசிச்சுக்கிட்டு இருக்காதீங்க.

தங்கச்சி


மே 11

சம்பந்தியம்மா,

தங்கச்சியாம் தங்கச்சி. உங்க வயசு எனக்குத் தெரியாதா? கல்யாணப் பத்திரிகை அடிக்கறப்பவே விசாரிச்சிட்டேன், நான்தான் சின்னவன்.

பழைய ஒப்பந்தம் ஞாபகம் இருக்கில்ல? நான் சொல்றதுக்கு நேர் எதிரா பண்றது. அது இன்னும் அமுல்ல இருக்குன்னு வெச்சுக்கிட்டு இதைப் படிங்க.

சனிக்கிழமை காலை வண்டியில நான் வரமாட்டேன். ஸ்டேஷனுக்கு மாப்பிள்ளையை அனுப்பாதீங்க. எதிர்வீட்டம்மாகிட்ட மூச்சு விடாதீங்க. ஹால் கட்டில்ல என்னால படுக்க முடியாது, அந்த ரூம்தான் எனக்கு வேணும். நான் வர்றதுக்குள்ள உங்க பெட்டியைத் தூக்கி வெளிய வெச்சிடுங்க. அந்த ஜன்னல் பக்கத்துல இனி ஒரு நாள்கூட நீங்க படுக்கக் கூடாது. சந்துக்குச் சிமெண்டு பூசிடுங்க. பீரோ கதவுல நீங்க போட்ட கோட்டைத் துடைச்சிடுங்க. மக தலையை இனிமே நான்தான் வாருவேன், நீங்க சீப்பைத் தொடாதீங்க.

பச்சை மக்கை மட்டும் எனக்குத் திருப்பித் தரவே வேண்டாம்.

மத்தபடி உங்க மேல எனக்குத் துளிகூடப் பொறாமை கிடையாது.

இஞ்ச்டேப்